மேல்மாடிக் கடிகாரம்

மார்ச் 4

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி.

பத்திரிகையில் நீ எழுதிய கட்டுரையை மூன்று தடவை படித்தேன். பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவன், இதற்கு மூன்றாவது வேண்டாமா? உயரத்தில் இருக்கும் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும் என்கிறாய். முப்பது வருஷமாக இருபதாம் மாடி மெஷின் ரூமில் லிஃப்ட் பார்க்கிறேனே, தலை நரைத்த காரணம் இப்போதுதான் தெரிந்தது. கம்பெனியிடம் கேட்கலாமா?

கடந்த நாள் எதுவும் அழிவதில்லை, கட்டடத்து மாடிகள் மாதிரி எல்லா நாளும் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்களாமே. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டே, "அப்போ நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்க பண்ணின கூத்தும் அங்கயேதான் இருக்கும்," என்றாள்.

அதிலிருந்து சோறு இறங்கவில்லை. நீ வெளிநாடு கிளம்பிய அன்று என்னிடம் சொல்லிக்கொள்ள இந்தக் கட்டடத்துக்கு வந்தாயே, லிஃப்ட் பழுது என்று வாட்ச்மேன் சொன்னாரே, பழுதே இல்லை. போகாதே என்று சொல்லியும் போகிறாயே என்ற கோபம். உன்னை மேலேயிருந்து பார்த்துவிட்டு நான்தான் சுவிட்சை அணைத்தேன். அதற்குப் பிறகு நீ வீட்டுப் பக்கமே வரவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை.

உன் அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பா,

தெரியும். அன்று படியேறி வந்தேன், பத்தொன்பதாம் மாடி வரைக்கும். மேலே நீங்கள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. லிஃப்ட் பழுதுக்கு யாராவது அழுவார்களா? கீழே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். இன்னும் ஒரே மாடி. ஏறாமல் இறங்கியது என் வீம்பு.

அந்த நாளை யாராலும் பெயர்த்தெடுக்க முடியாது. ஆனால் எனக்கு ஐந்து வயதில் லிஃப்டின் இருபது பட்டனையும் அழுத்தவிட்டு மானேஜரிடம் திட்டு வாங்கினீர்களே, அந்த நாளும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது.

கம்பெனியிடம் கேட்காதீர்கள். முப்பது வருஷத்துக்கும் சேர்த்து ஒரு கண்சிமிட்டலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நரைத்தது என்னால்தான்.

ஜூன் 12 காலை வருகிறேன். வீடு அப்புறம், முதலில் இருபதாம் மாடி.

உங்கள் மகள்

ஏப்ரல் 2

அன்புள்ள கண்ணுவுக்கு,

மேலே வராதே. மேலே நின்றால் என் கடிகாரம் முந்திக்கொள்ளும், எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கீழே வாசலிலேயே நிற்கிறேன்.

மெஷின் ரூம் சாவி அன்றைக்கு வாட்ச்மேனிடம் இருக்கும். நீ திரும்பிக் கிளம்பும் நாளிலும் அவரிடமே இருக்கட்டும். என்னை நம்ப முடியாது.

உன் அப்பா