கதை வசனம்: தங்கத்தாய்

சங்கரன்கோவில்
3.6.2024

தங்கத்தாய்க்கு, சண்முகையா எழுதுவது.

என் போனை நீ எடுப்பதில்லை, அதனால் தபால். பூக்கடைக்குக் குறைவில்லை. இந்த ஊரைவிட்டுப் போன நீயும் சிவகிரியில் உன் தம்பி வீட்டில் சுகம் என்று கேள்வி.

விஷயத்துக்கு வருகிறேன். ஷிரின் பானு என்று கடையநல்லூர்ப் பிள்ளை ஒருத்தி வந்தாள். பெண்கள் எழுதிய பழைய காதல் நகைச்சுவை நாடகங்களைத் தேடிப்பிடித்து மேடை ஏற்றுகிறார்களாம். அந்தக் காலத்து நாடகக்காரன் என்று என்னிடமும் விசாரிக்க வந்தவள், நம் 'மாப்பிள்ளைக்குப் பரீட்சை' நாடக நோட்டை வாசித்துவிட்டு, "அண்ணாச்சி, நோட்டீஸ்ல உங்க பேருதான் இருக்கு. ஆனா ஆம்பள எழுத்தாத் தெரியலையே" என்றாள். டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.

மேடைக்கும் லைட்டுக்கும் பணம் போட்டவன் பேர்தான் அந்தக் காலத்தில் நோட்டீசில் வரும். உனக்குத் தெரியாததல்ல. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அதை மறுபடி போடப்போகிறார்கள். உன் பேரைப் போடச் சொல்லட்டுமா?

சண்முகையா


சிவகிரி
9.6.2024

பூக்கடைக்காரருக்கு,

என் பேரை என்னிடமே கேட்க முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. "ஏட்டி, பொம்பள எழுதுனதுன்னு போட்டா எவன் டிக்கெட் எடுப்பான்?" என்றது நீங்கள்தான்.

போடலாம். ஆனால் முடிவும் என்னுடையதாக இருக்கவேண்டும். நான் எழுதியதில் மூன்று மாப்பிள்ளைகளும் தோற்பார்கள், கதாநாயகி வேலைக்குக் கிளம்பிவிடுவாள். பூக்கடைக்கு விளம்பரம் ஆகட்டும் என்று, அவளை மூன்றாம் மாப்பிள்ளையோடு மாலை மாற்றவைத்து முடித்தது நீங்கள். மூன்றாம் மாப்பிள்ளையாக நடித்ததும் நீங்கள்தான். ஆளைப் பார்த்துத்தான் அந்த வேஷத்தையே எழுதினேன் என்று இன்னுமா தெரியவில்லை?

தங்கத்தாய்


சங்கரன்கோவில்
24.7.2024

தங்கத்தாய்க்கு,

உன் முடிவோடுதான் நாடகம் நடந்தது. மூன்றாம் மாப்பிள்ளையைப் பார்த்துச் சனம் சிரித்த சிரிப்பில் நான் கொஞ்சம் நெளிந்தேன்.

நோட்டீசில் உன் பேர் இருந்தும், பழக்கதோஷத்தில் வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் சால்வையோடு என்னிடமே வந்தார்கள். கடைசி வரிசையில் உன்னைப் பார்த்தேன். "எனக்கு எதுக்கு வே? எழுதுனவ அங்கன இருக்கா. அப்பவும் அவதான் எழுதுனா" என்று எல்லோர் முன்னாலும் கை காட்டினேன். நீ சால்வையை வாங்கிக்கொண்டு நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

என் வீட்டு மாடி காலியாகத்தான் கிடக்கிறது. நீ வந்து என்னோடு இருக்கலாம். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்.

சண்முகையா


சிவகிரி
30.7.2024

சண்முகையா அவர்களுக்கு,

கை காட்டியதைப் பார்த்தேன். எனக்கு அது போதும்.

மாடிக்கு நல்ல குடும்பமாகப் பார்த்து வாடகைக்கு விடுங்கள்.

ஷிரின் பானு இன்னொரு நாடகம் கேட்டாள். இங்கே வந்த பிறகு எழுதியதைக் கொடுத்திருக்கிறேன். அதுவும் காதல் கதைதான். அதில் நீங்கள் எங்கேயும் இல்லை.

தங்கத்தாய்