அவள் கழுவிக்கொண்டே இருந்தாள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கப்பலில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் மகள் குட்டி நன்றாக இருக்கிறாள். கணக்கில்தான் கோட்டை விடுகிறாள், வாயில் விடுவதில்லை. என் டிரைவிங் ஸ்கூல் எப்போதும்போல ஓடுகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு வங்கி மேனேஜர் எதிரே பஸ் வந்தால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொள்கிறார். என் கால் முழுநேரமும் பிரேக்கிலேயே இருக்கிறது.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம். உங்கள் கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்கள். அக்கா தம்பிக்கு எழுதுகிற விஷயமா இது என்று நெளிவாய். நெளிந்துகொண்டே படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

போன வருடம் உன் மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், அங்கே இருக்கும் பெண்களுக்கெல்லாம் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்தார்கள். இவளுக்கு அங்கே ஒரு வைரஸ் இருப்பதாக வந்தது. நிறையப் பேருக்கு வந்து போவதுதான், பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் அதை மறைக்காமல் அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்து சொன்னாள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்து குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அந்த வைரஸ் எப்படிப் பரவும் என்று கேட்டாய், சொன்னாள். அதற்கு நீ, "எனக்கு எதுவும் இல்லையே, உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டாய். ஸ்பீக்கரில் இருந்ததால் என் காதிலும் விழுந்தது. அவள் போனை என்னிடம் நீட்டினாள். நானும் அதை வாங்கி, அங்கே மழையா என்று கேட்டேன்.

அதற்கப்புறம் நீ வாரத்துக்கு ஒருமுறை குட்டியிடம் பேசுகிறாய், என்னிடம் பேசுகிறாய். அவளிடம், பணம் வந்து சேர்ந்ததா என்பதோடு சரி.

இப்போது இரண்டாவது பரிசோதனையும் முடிந்துவிட்டது. வைரஸ் போகவில்லை. இந்த முறை அங்கே இருக்கும் செல்களிலும் மாற்றம் தெரிகிறதாம். துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால் என்னைக் கூட்டிப்போனாள். வேறு யாரைக் கூப்பிடுவாள், சொல்.

டாக்டரம்மா அவளை உள்ளே படுக்க வைத்துப் பார்த்து, அங்கிருந்து எடுத்ததை மைக்ரோஸ்கோப்பிலும் பார்த்துவிட்டு வந்து, நல்ல கிருமிகள் ஒன்றுகூட இல்லையே, எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். இவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்க, கை கழுவ வைத்திருக்கும் அந்தக் கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீரில் கலந்து உள்ளேயும் கழுவியிருக்கிறாள். முதலில் எப்போதாவது. உன் போனுக்கு அப்புறம் தினமும் காலையிலும் ராத்திரியிலும். எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம்.

உனக்குத்தான் தெரியுமே, அவள் வேலை அப்படி. ஆபரேஷன் கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துணியில் சுற்றி, ஒரு டேப்பை ஒட்டி, அந்தப் பெரிய நீராவி மெஷினுக்குள் தள்ளுவார்கள். வெளியே வரும்போது டேப்பில் இருக்கும் கோடு கறுத்திருந்தால்தான் பொட்டலம் வெளியே போகும். கறுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கல்யாணமான புதிதில் அவள் தக்காளியைக் கழுவும் அழகைப் பார்த்து நீயும் நானும் எத்தனை கிண்டல் செய்திருக்கிறோம். கிருமி என்று ஒன்று இருந்தால் அதை அழிப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வழி. நீ கேட்ட கேள்விக்கு அவள் வாயால் பதில் சொல்லவில்லை, போய்க் கழுவினாள்.

பெண்ணுடம்பில் அந்த இடத்தில் பாலைத் தயிராக்குகிற கிருமிகளின் உறவுக்காரக் கிருமிகள் குடியிருக்கின்றனவாம். அவை ஒருவிதப் புளிப்பை உண்டாக்கி மற்ற கிருமிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். அவை அழிந்த இடத்தில் கண்டதும் குடியேறிவிடும், புண்ணாகும், இந்த மாதிரி வைரஸ் போகாமல் தங்கிவிடுவதும் அப்படிப்பட்டவர்களிடம் அதிகம் என்று டாக்டரம்மா சொன்னார். கழுவியதால்தான் தங்கியது என்று அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். பிறகு இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கிருமிகூட இருக்கக் கூடாதுங்கறது உங்க மெஷினுக்குச் சரிம்மா, உடம்புக்கு இல்ல" என்றார். இவள் தலையாட்டினாள். ஆனால் அந்தக் கையை மெல்ல இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். டாக்டருக்குத் தன்னிடமிருந்து ஏதாவது ஒட்டிவிடும் என்பதுபோல. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

தம்பி, ராத்திரியில் குளியலறையில் அவ்வளவு நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் எனக்கும் கேட்டது. தொட்டி காலியாகிறது என்று வாசலிலிருந்து கத்தினேன். உள்ளே என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டிருக்கலாம்.

நீ கேட்ட கேள்வியை நான் டாக்டரிடம் கேட்டுவிட்டேன், அவள் உடை மாற்றப் போயிருந்தபோது. இந்த வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்குமாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதாம். ஆண்களுக்குப் பெரும்பாலும் வந்ததே தெரியாதாம். நீ இந்தக் கப்பலுக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் அலைந்த காலத்தை நான் கிளறப் போவதில்லை. ஆனால் நீ துறவியாக இருந்தாய் என்று என்னைச் சத்தியம் செய்யச் சொன்னால் மாட்டேன். அவளும் இன்றுவரை உன்னை அந்தக் கேள்வி கேட்கவில்லை. கேட்க அவளுக்கும் வாய் இருக்கிறது.

மாற்றம் கண்ட பகுதியை மட்டும் சிறிதாக வெட்டி எடுத்துவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இப்போது செய்தால் பயமில்லை, தள்ளிப்போட்டால் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். குட்டிக்கு இந்த வைரஸ் வராமல் தடுக்க ஊசி இருக்கிறது என்றும் சொன்னார். இவள் மறுநாளே அவளைக் கூட்டிப்போய்ப் போட்டுவிட்டு வந்தாள். தன்னுடைய சிகிச்சைக்கு மட்டும் இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் போகவில்லை. முதல் முறை டியூட்டி என்றாள், அடுத்த முறை தலைவலி என்றாள். நேற்று நான் பொறுமையிழந்து, உனக்கு உயிர்மேல் ஆசையே இல்லையா என்று சத்தம் போட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "உடம்புல இருக்கறத வெட்டி எடுத்துடுவாங்க அண்ணி. அவர் மனசுல இருக்கறத எங்க போய் எடுக்கறது?"

அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பாள்.

மூன்றாவதாக ஒரு நாள் வாங்கியிருக்கிறேன், அடுத்த மாதம் முதல் வாரம். உன்னால் வர முடிந்தால் வா. முடியாது என்றால் கூப்பிடு. என்னையோ குட்டியையோ இல்லை, அவளைக் கூப்பிடு. நீளமாக எதுவும் பேச வேண்டாம், உனக்கு அது வரவும் வராது. கேட்டது தப்பு என்று சொல். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே, மன்னிப்பதற்கு அவள் பக்கம் ஒன்றும் இல்லை. அவள் உடனே பேசாவிட்டாலும் போனை வைத்துவிடாதே. ஒரு வருடமாகப் பேசாமல் இருந்தது நீ. அவள் பேசுகிறவரை காத்திருக்க வேண்டியதும் நீதான்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது கதவருகே நின்று அவள் டாக்டரிடம் ஒன்று கேட்டாள், இதையெல்லாம் எடுத்துவிட்டால் தான் சுத்தமாகிவிடுவேனா என்று. டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "நீங்க எப்பம்மா அழுக்கா இருந்தீங்க?" என்றார். ஊர் பேர் தெரியாத ஒருத்தி அதைச் சொன்னாள். நீ சொல்லியிருக்க வேண்டியது, தம்பி.

எப்போதும் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் முடிப்பேன். இந்த முறை அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். மீதியை நீ எழுது.

உன்மேல் கோபமும் பாசமும் குறையாத
அக்கா