அட்டைக் காசோலையை நம்பிய அத்தானுக்கு

என் அன்புக்குரிய அத்தானுக்கு,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உங்களோடு என் சண்டை இன்னும் முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நம் வட்டாரத்தில் உங்களைப்போலவே இன்னொரு முதலாளி காற்பந்துக் கிளப் வாங்கப் போவதாகக் காதில் விழுந்தது. அவரும் படிக்கட்டும் என்று இதைப் பத்திரிகைக்கே கொடுக்கிறேன்.

கிள்ளானில் உங்கள் லோரி யார்டை வங்கி விற்றுவிட்டது. தரை ஓடு விற்கும் ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது. உங்கள் பெயர்ப்பலகையைக் கழற்றியபோது நான் எதிரே என் டயர் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்கு ஓடிய உங்கள் லோரிகள் அத்தனைக்கும் டயர் போட்டவன் நான். எது எந்தப் பக்கம் தேயும் என்றுகூட எனக்குத் தெரியும்.

அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது, “பழச விக்கிறேன் மச்சான், புதுசு வரும்” என்றீர்கள். புதுசு வரவே இல்லை. உங்கள் கிளப் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்காகத்தான் விற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. ஒரு லோரிச் சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்த நாளில், அவள் போட்ட சோற்றை எப்படிச் சாப்பிட்டீர்கள் அத்தான்?

வியாபாரத்தில் உங்களைப்போல் கெட்டிக்காரர் யார்? என் காசோலையையே வங்கியில் பணமாக மாறும்வரை நம்பாதவர் நீங்கள். மச்சினன் என்றும் பார்க்க மாட்டீர்கள். அப்படிப்பட்டவர், பெட்டாலிங் ஜெயா ஹோட்டல் மேடையில் ஸ்பான்சர் கொடுத்த ஆள் உயர அட்டைக் காசோலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டீர்கள். விருந்து முடிந்து பார்த்தால் அது உங்கள் காரில் நுழையவில்லை. என் வேனில்தான் ஏற்றினோம்.

“அத்தான், உண்மையான செக் எங்க?” என்று அப்போதே கேட்டேன்.

“வரும் லா. இத்தனை கேமரா முன்னால குடுத்தவன் பேச்சு மாறுவானா?”

அவன் பேச்சு மாறவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடியே நடந்தான். பணம் தவணையாகத்தான் வரும், அணி முன்வரிசையில் இருந்தால்தான் அடுத்த தவணை. நீங்களோ முழுத்தொகையும் பெட்டிக்கு வந்துவிட்டதுபோல், மறுவாரமே மூன்று வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இரண்டு வருடத்துக்கு எடுத்துவிட்டீர்கள். அணி கடைசி வரிசைக்கு இறங்கியது, ஸ்பான்சர் கையை விரித்தான். அட்டை மட்டும் உங்கள் ஆபீஸ் சுவரில் சாய்ந்து நின்றது.

லோரி நின்றால் டீசலாவது மிச்சமாகும். ஆட்டக்காரன் முட்டி பெயர்ந்து படுத்தாலும் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும், வைத்தியச் செலவும் நம் தலையில்தான். இன்ஜின் போன லோரியை எடைக்காவது போடலாம். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் கைகுலுக்கிவிட்டு அடுத்த கிளப்புக்குப் போனால் உங்களுக்குக் கால் காசு வராது. மழை பெய்தால் கேலரி காலி. ஆனால் அரங்க வாடகையும் விளக்குச் செலவும் முழுசாகக் கட்ட வேண்டும். செலவெல்லாம் பருவம் தொடங்கும் முன்பே நிச்சயம். வரவு மட்டும், பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்பதில் தொங்குகிறது. இப்படி ஒரு வியாபாரத்தை நான் கொண்டுவந்திருந்தால் என்னை யார்டை விட்டே துரத்தியிருக்க மாட்டீர்களா?

தெரியும், உங்களுக்கு அது வியாபாரமே இல்லை. கோல் விழுந்ததும் நாலு பக்கமும் “பாஸ்! பாஸ்!” என்று உங்களைக் கூப்பிட்டுக் கத்துவார்கள். லோரி ஓட்டுகிறவனுக்கு யார் கைதட்டுகிறார்கள்? சரி, அந்தக் கைதட்டலுக்குக் கையில் இருந்ததைச் செலவழித்திருக்கலாம். கம்பெனியை ஈடு வைத்தீர்களே, சொந்த ஜாமீன் கையெழுத்தும் போட்டீர்களே, அது யாருக்காக?

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிளப்பின் துணைத் தலைவர் சேகர் அக்கா வீட்டுக்கு வந்தார். கூடவே செந்தூலிலிருந்து கோல்கீப்பர் தினேஷ். சேகர் ஒரு பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். சம்பளப் பாக்கி தீர்ந்தால்தான் அடுத்த பருவம் ஆட அனுமதி கிடைக்குமாம். பாக்கியைத் தீர்க்க வங்கிக் கடன், கடனுக்கு அக்காவின் வீடு ஈடு. அவள் பெயரில் இருந்ததால் வங்கி தொட முடியாமல் விட்டுப்போன வீடு அது.

“ஒரே ஒரு சீசன் அக்கா. ஒரு பக்க கேலரிக்கே பாஸ் பேரு வைக்கிறோம் லா. அவர் பேரு நிக்கணும்ல?”

“அவர் பேரு நிக்கும். எங்க அக்கா எங்க போய் நிப்பாங்க?” என்றேன்.

“ரவி அண்ணே, நீங்க டயர் ஆளு. பந்து வேற.”

“ரெண்டுலயும் காத்துதான் சேகர். நான் காத்த ஓசியில அடிச்சு விடறேன். நீங்க அதுக்கு வீட்டையே கேக்கறீங்க.”

அக்கா சேகரிடமிருந்து பேனாவை வாங்கினாள். உங்கள் பெயருக்காக அவள் எதையும் செய்வாள் என்பது எனக்கும் தெரியும், சேகருக்கும் தெரியும். பேனாவைப் பத்திரத்தின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கம் தள்ளினாள்.

“முதல்ல நீங்க போடுங்க தம்பி. உங்க வீட்டையும் சேத்து எழுதுங்க. பக்கத்துல நான் போடறேன்.”

சேகர் சிரித்தார். “என் வீட்ல பிள்ளைங்க இருக்காங்களே அக்கா.”

“என் வீட்ல நான் இருக்கேன்.”

சேகர் பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டார். அக்கா தினேஷைப் பார்த்து, “நீ ஏம்பா வந்தே?” என்று கேட்டாள்.

“ஆன்டி கையெழுத்து போட்டாத்தான் சம்பளம்னு சொன்னாங்க ஆன்டி. இப்ப சாப்பாடு டெலிவரி ஓட்டுறேன். சில கஸ்டமர் என்னை அடையாளம் கண்டுட்டு, ‘நீ கோல்கீப்பர்தானே, பாத்து, கைநழுவ விட்றாத’ங்கிறாங்க.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் போனபிறகு அக்காவிடம் சொன்னேன். “கிளப் தனிக் கம்பெனி. சட்டப்படி அந்தச் சம்பளப் பாக்கி உன் தலையில இல்லக்கா.”

“அவங்க ஆடினாங்களா இல்லையா?”

“ஆடினாங்க.”

“அப்புறம் என்ன சட்டம்?”

உங்கள் பெரிய காரை விற்கச் சொல்லிவிட்டாள். அவள் பெயரில் வாங்கி, கிளப் ஆட்களையே ஏற்றிச் சுற்றினீர்களே, அந்தக் கார்தான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். விலையை நான் பேசிக்கொள்கிறேன். பணத்தைக் கிளப் கணக்கில் போட்டால் சேகர் அடுத்த பருவத்துக்கு முன்பணம் கட்டிவிடுவார், அதனால் ஒவ்வொருவர் கையிலும் நேராகக் கொடுப்போம். உள்ளூர் ஆட்டக்காரர்களுக்குத் தீர்ந்துவிடும். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பாதியும் ஊர் போக விமான டிக்கெட்டும்தான் முடியும். மீதியை என் கடையிலிருந்து போடச் சொன்னாள். முடியாது என்றேன். இன்னும் முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த பருவம் உங்கள் அணி ஆடாது. எந்தக் கேலரியிலும் உங்கள் பெயர் வராது. பாதிப் பணத்தோடு விமானம் ஏறப் போகிறவன் தன் ஊரில் உங்களைப் பற்றி என்ன சொல்வான் என்று யோசித்துப் பார்த்தீர்களா?

உங்கள் முதல் வருடத் திதி வருகிறது. அக்கா சமைப்பாள், எனக்கும் இலை போடுவாள். அதற்குள் தினேஷ் கையிலும் மற்றவர்கள் கையிலும் பணம் போய்ச் சேர்ந்திருக்கும். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. சேராவிட்டால் அன்று உங்கள் படத்துக்கு நான் மாலை போட மாட்டேன், இலையிலும் உட்கார மாட்டேன்.

கோபம் தீராத
உங்கள் மச்சினன்
ரவி, கிள்ளான்