பெரட்டுக்கு வராத மண்டோர்

முருகன் துணை

பத்து பெரண்டாம், மலாக்கா
மார்ச் 20

என் மகள் திவ்யதர்ஷினிக்கு,

மீரியில் நீயும் மாப்பிள்ளை காந்தனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். சும்மா எழுதவில்லை; இன்று காலை பிரஷர் நூற்றுப் பதினாறு, நோட்டில் குறித்திருக்கிறேன்.

வாட்ஸாப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ அழுதுவிடுகிறாய். போன வாரம், "நீங்க பிரசவத்துக்கு வர வேணாம்மா, என்னால ஒரு தடவ பட்டது போதும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முடியும்வரை படி.

முதலில் என் தப்பு. உன் பிரசவம் நல்லபடி ஆக வேண்டும் என்று மாசி மகத்துக்குச் சன்னாசிமலை ஆண்டவருக்குப் பால்குடம் நேர்ந்திருந்தேன். என் ஹார்மோன் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. விரதத்தில் சாப்பாடு இல்லை, ஆகவே மாத்திரையும் இல்லை என்று நானாகவே முடிவு செய்து இரண்டு நாள் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் காலை குடத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தவள் வாந்தியெடுத்துக் குசினியில் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டேன். கோழி அறுத்தால்கூட வீட்டுக்குப் பின்னால் போய் நிற்கிற உன் அப்பா, ஊசி போடும் முறையை எழுதி ஐஸ்பெட்டியில் நான் ஒட்டி வைத்திருந்த தாளைப் பார்த்துப் பார்த்து, என் தொடையில் அவசர ஊசியைப் போட்டுவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டார். இப்போது தாமானில் அக்கம்பக்கத்து வீடுகளில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "நான்தான் ஊசி போட்டேன்லா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

டாக்டர் நோராய்னி, மலாயில் அத்தை முறை வைத்துக் கூப்பிட்டே நன்றாகத் திட்டினார். "மக்சிக், நோன்பு மாசத்துல எங்க ஆளுங்களும் இதேதான் செய்யிறாங்க. இந்த வாரம் நீங்க ரெண்டாவது ஆள். விரதம்னா முன்னாலயே என்கிட்ட வந்து கேளுங்க" என்றார். கோயில் குருக்களிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "ஒங்களுக்கு மருந்துதாம்மா சோறு. அத ஆண்டவன் கேக்கல" என்றார். அடுத்த வருஷம் மாத்திரை போட்டுக்கொண்டுதான் பால்குடம்.

இனி, "என்னால" என்றாயே, அதற்கு வருகிறேன். நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டில் நாங்கள் இருந்தபோது, வெள்ளம் ஏறி ரோடு மூடியிருந்த நாளில் எஸ்டேட் வேனிலேயே நீ பிறந்தாய். சுற்றிப் போய் ஆஸ்பத்திரி சேரும்வரை எனக்கு ரத்தம் நிற்கவில்லை. ஆறு பை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு பால் ஒரு சொட்டு வரவில்லை, தூரமும் வரவில்லை. உச்சி வெயிலில் குளிர் எடுக்கும். புருவ முடி கொட்டியது. ஒரு வாளித் துணி துவைத்தால் உட்கார வேண்டியிருந்தது. உன் அத்தை இருசம்மாள், "இவளுக்கு ஒடம்பு வளையல" என்பார். நீ வளர்ந்த பிறகு, "ஒன்னப் பெத்துதான் ஒங்கம்மா இப்படி ஆனா" என்று உன்னிடமே சொன்னார். அன்றைக்கு எனக்கே காரணம் தெரியாது. ஆண்டவன் சோதிக்கிறான் என்று விரதத்தைத்தான் கூட்டினேன்.

நான்கு வருஷத்துக்கு முன் வயிற்றுப்போக்கில் விழுந்து, எழும்ப முடியாமல் கிடந்தபோதுதான் டாக்டர் நோராய்னியைப் பார்த்தோம். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். நான் பழைய வீட்டுச் செலவுக் கணக்கு நோட்டை எடுத்துவரச் சொல்லிக் காட்டினேன். நீ பிறந்த மாதத்திலிருந்து பால் டின் எழுதியிருக்கிறது. தூரத்துக்குப் பேட் வாங்கியதாக ஒரு மாதம்கூட இல்லை. ஸ்கேனுக்கு முன்பே அவருக்கு விளங்கிவிட்டது.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. அதுதான் உடம்புக்கு மண்டோர், எஸ்டேட்டில் ஆட்களிடம் வேலை வாங்கியவர் மாதிரி. விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோர் வந்து பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்காவிட்டால் ஆட்கள் நின்றுகொண்டேதானே இருப்பார்கள்? அப்படித்தான் என் தைராய்டும் மற்றவையும் இத்தனை வருஷம் நின்றிருக்கின்றன. சிலருக்குக் கட்டியால் இப்படி ஆகும், சிலருக்குத் தலையில் அடிபட்டு ஆகும். பிள்ளை உண்டானால் அந்தச் சுரப்பி பெருத்து ரத்தம் அதிகமாகக் கேட்குமாம். ரத்தம் ஒரேயடியாக இறங்கியதால் எனக்குப் பட்டுப்போய்விட்டது. ரத்தம் போனதால் வந்தது, தர்ஷினி. நீ வந்ததால் இல்லை. பரம்பரையாக இறங்குவதும் இல்லையென்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

மண்டோர் இனி வரமாட்டார். ஆனால் அவர் வேலை நடக்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, காலையில் பசியாறும்போது ஹைட்ரோகார்ட்டிசோன், மத்தியானம் அதில் இன்னொன்று. காய்ச்சல் என்றால் இரட்டிப்பு, வாந்தி என்றால் ஊசி. ஆயுள் முழுக்க. தொடங்கிய ஆறு மாதத்தில் பத்துக் கிலோ அரிசியை நானே மாடிக்குத் தூக்கினேன். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

ஏப்ரல் கடைசியில் வருகிறேன். மூன்று மாத மாத்திரை கைப்பையில், ஊசி மருந்து, டாக்டர் கடிதம் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஊசி போட அப்பா வீடியோ காலில் பாடம் எடுப்பாராம். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அம்மாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் போனது என்று உன் கிளினிக் நர்ஸிடம் சொல்லிக் கார்டில் எழுத வை. மறைக்காதே.

வேனில் மயங்குவதற்கு முன் நான் கேட்டது உன் அழுகையைத்தான். அதற்குப் பிறகு பதினோரு நாள் உன்னை யார் யாரோ குளிப்பாட்டினார்கள். உன் பிள்ளைக்கு நான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சன்னாசிமலையான் உன்னையும் பிள்ளையையும் இரண்டு உயிராகப் பிரித்து, இரண்டையும் முழுசாகக் கையில் தரட்டும். டிக்கெட் எடுங்கள் என்று அப்பாவுக்கு ஒரு வரி அனுப்பு, கண்ணு.

உன் அம்மா
சுசீலா