மஞ்சள், ஊதா, ஆரஞ்சு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், அவர் கண் மட்டும் அதில் சேராது. நேற்றுதானே ஃபோனில் பேசினோம், பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், ஃபோனில் பேசினால் பின்னறையில் இருந்தபடியே ஒரு சொல் விடாமல் கேட்டுவிடுகிறார். என் கையெழுத்தைக் கண் நன்றாக இருந்தபோதே அவர் படித்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

ரேடியோ கட்டுவதற்கு ரெசிஸ்டர் வைத்திருப்பாரே, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, உடம்பெல்லாம் அளவைச் சொல்லும் வண்ணக் கோடு போட்டு இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டு, அதையெல்லாம் நாற்பது தீப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கியிருந்தார். போன மாதம் தூசி தட்டப் போனவள், தையல்காரி புத்தி எங்கே போகும், அத்தனையையும் கொட்டி பட்டன் பிரிப்பதுபோல் பழுப்பு உடம்பு ஒரு ஜாடி, நீல உடம்பு ஒரு ஜாடி, பச்சை உடம்பு ஒரு ஜாடி என்று அழகாகப் போட்டு வைத்தேன். பார்த்துவிட்டு அவர் பேசியதை இங்கே எழுத வேண்டாம். கோட்டைப் பார்த்துத் திரும்பப் பிரிங்களேன் என்றேன். பல்பு சரியில்ல என்றார், பல்பை மாற்றினேன். கண்ணாடி அழுக்கு என்றார், துடைத்துக் கொடுத்தேன். மீட்டரில் அளந்து பாருங்க என்றால் அந்த முள்ளு பொய் சொல்லுது என்கிறார். கடைசியில் தானே ஒன்றை எடுத்து ஈயத்தால் பற்றவைத்து ஸ்விட்சைப் போட்டார், ட்ரான்சிஸ்டர் புகைந்து போயிற்று. கடைசிக் கோடு ஆரஞ்சு என்று அவரே முணுமுணுத்துத் தேடியது, எட்டிப் பார்த்தால் பழுப்பு! துணிக்கு நூல் பொருத்தியே நாற்பது வருஷம் ஓட்டியவள் வீட்டில் இப்படியா? என் கண்ணுக்கு என்ன குறைச்சல் என்று மின்சார அலையைத் திரையில் கோடாகக் காட்டுமே அந்தப் பழைய ஆசிலாஸ்கோப், அதைப் போட்டு, இந்தப் பச்சைக் கோடு தெரியுதில்ல என்றார். எத்தனை கோடு என்று கேட்டேன். ரெண்டு என்றார். ஒன்றுதான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை நாளும் தீப்பெட்டி இருக்கும் இடத்தை வைத்துக் கைதான் வேலை செய்திருக்கிறது. கண்ணில் புரை முற்றிவிட்டது, ஒரு வருஷமாக நீ ஆபரேஷனுக்குக் கெஞ்ச, அதற்குப் பயந்து பார்வை இவ்வளவு போனதை மனிதர் மறைத்திருக்கிறார்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் என் பேத்தியை ஃபோனில் கூப்பிட்டேன். போன லீவில் தாத்தா சொல்லிக் கொடுத்த பத்து வண்ணத்தையும் கருப்பு சுழியம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள், ஏழு வயதில் என்ன ஞாபகம், என்னைக் கொண்டிருக்கிறாள், வெளியே சொல்லாதே கண் படும். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இரண்டே நாளில் அத்தனையையும் பிரித்து முடித்தேன். நீ எஞ்சினியர் ஆகியிருக்கணும் என்றார் உன் அப்பா. இப்ப மட்டும் என்ன, நேரம் இருக்கு என்றேன். நான் வண்ணம் சொல்ல, அவர் கைப்பழக்கத்தில் பற்றவைக்க, ரேடியோ முக்கால்வாசி முடிந்தது. பேத்தி அடுத்த லீவுக்கு வருவதற்குள் பாடவைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே துடிப்பு. ஆனால் நானே அவருக்குக் கண்ணாக உட்கார்ந்திருந்தால் எந்தக் காலத்தில் டாக்டரிடம் போவார்?

அதனால் ஒரு காரியம் செய்தேன். மிச்சம் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று, மஞ்சள் ஊதா ஆரஞ்சு, அதாவது நாற்பத்தேழாயிரம் ஓம். ஐந்து இருந்தன, ஐந்தையும் தையல் மெஷின் டிராயரில் பாபின் டப்பாவுக்குள் போட்டுவிட்டு இல்லவே இல்லை என்றேன். இருபத்திரண்டாயிரத்தில் ரெண்டைச் சேர்த்து ஒப்பேத்தலாம், சிவப்பு சிவப்பு ஆரஞ்சு பாரு என்றார். அதுவும் இல்லை என்றேன், அதையும் எடுத்து ஒளித்தாயிற்று. மூன்று நாள் பொறுத்தார், நாலாம் நாள் கோபம் வந்துவிட்டது. உனக்கு ஊதா எது கருப்பு எதுன்னே தெரியல, ஆபரேஷன் பண்ணிக்கிட்டு நானே தேடிக்கிறேன் என்றார். என்னைப் பார்த்து இந்தச் சொல்! பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாங்க எனக்கு வயசாச்சு என்றேன். வருகிற புதன்கிழமைக்கு டாக்டரிடம் நாள் வாங்கியாயிற்று.

நம் ஊர்க் கடையில் அது கிடையாது, இதற்குள் உன்னிடம் ஒரு பாக்கெட் அனுப்பச் சொல்லி ரகசியமாகக் கேட்பார், குரல் பாவமாகத்தான் இருக்கும், இளகிவிடாதே, அங்கேயும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு. கண் கட்டைப் பிரித்த பிறகு ஐந்தையும் ஜாடியில் போட்டுவிடுவேன், அவரே பார்த்து எடுத்து, கண்ணெதிரே இருந்ததை இல்லைன்னியே குருடி என்று என்னைத் திட்ட வேண்டும், அந்தத் திட்டுக்குத்தான் காத்திருக்கிறேன். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
வண்ணம் தெரியாதவள் என்று பெயர் வாங்கிய உன் அம்மா