மேனேஜர் குறுக்கே போன காலைகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலையும் சந்து அடைத்துக்கொண்டது. இந்தப் பக்கம் அப்பாவின் டாக்சி, அந்தப் பக்கம் பள்ளி வேன். நடுவில் வழி காலி. கறுப்புப் பூனை எப்போதோ போய்விட்டது. அது போன தடத்தைத்தான் யாரும் தாண்டவில்லை. முதலில் தாண்டுகிறவர் தலையில்தான் கெட்டது விழும். பின்னால் வருகிறவர்களுக்குப் பயமில்லை. இது எங்கள் சந்தின் சட்டம்.

அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைத் துடைத்தார். வேன்காரர் காது குடைந்தார். உள்ளே பிள்ளைகளின் கூச்சல்.

அக்கா வந்தாள். தோளில் கருவிப் பை. இடுப்பில் லிஃப்ட் கதவு திறக்கும் முக்கோணச் சாவி. நிற்கக்கூட இல்லை. நடந்து போய்க்கொண்டே இருந்தாள். அவள் பின்னால் இரண்டு வண்டிக்கும் உயிர் வந்தது.

பேக்கரிக்காரர் தன் கடைப் படியிலிருந்து சொன்னார்: "நீ முன்னால போனா போதும்மா. உனக்கு இனிமே என்ன ஆயிடப் போகுது?"

புருஷன் வீட்டை விட்டு வந்தவள், குழந்தையும் கையில் இல்லை. அதைத்தான் சொல்கிறார். எனக்குக் காது சுட்டது. அவளோ, "அப்ப கூலியா ஒரு பன் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

கொடுத்தார். பாதி பூனைக்குப் போனது.


மார்ச் 5

பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததும் அக்காதான். "கரெக்டா வேலை நேரத்துக்கு வருது. எல்லாரையும் நிறுத்தி வைக்குது. தான் ஒரு வேலையும் செய்யறதில்ல."


மார்ச் 9, ஞாயிறு

வாண்டு வரும் நாள். அக்காவின் மகள், ஐந்து வயது. ஞாயிறு மட்டும், அதுவும் சாயங்காலம் வரை. யாரிடம் வளர வேண்டும் என்று கோர்ட் சொல்லும் வரை அவ்வளவுதான்.

அக்கா விடிந்ததிலிருந்து பழைய பல் துலக்கியால் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிரீஸ் வாசனை போக வேண்டுமாம்.

வாண்டு மதில்மேல் உட்கார்ந்து மேனேஜரை விசாரித்தாள். "நீ ஏன் கறுப்பு? அழுக்கா?"

"அழுக்கு இல்லடி, யூனிஃபார்ம்" என்றாள் அக்கா.

சாயங்காலம் வாண்டுவின் அப்பா கார் வந்து ஹாரன் அடித்தது. வாண்டு செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்: "மேனேஜர் மட்டும் இங்கயே இருக்கலாமா?"

கார் போன பிறகு அக்கா கேட்டின் கீலுக்கு எண்ணெய் போட்டாள். அது சத்தம் போட்டதே இல்லை.


மார்ச் 12, புதன்

நூலகத்தில் வேலை குறைவு. பூனைகளைப் பற்றித் தேடிப் படித்தேன். ஓரிடத்தில் சூனியக்காரியின் கூட்டாளி. இன்னோரிடத்தில் கறுப்புப் பூனை வாசலில் வந்து உட்கார்ந்தால் செல்வம். மாலுமிகளின் மனைவிகள் அதை வீட்டில் வளர்ப்பார்களாம். பூனை பத்திரமாக இருக்கும் வரை கடலில் புருஷனும் பத்திரம். வேறொரு நாட்டில் வலமிருந்து இடம் போனால் கெடுதல், இடமிருந்து வலம் போனால் நல்லது. அதே பூனை. அதே நான்கு கால். இத்தனை பயத்தையும் இத்தனை ஆசையையும் சுமந்துகொண்டு எப்படி அவ்வளவு லேசாக நடக்கிறது?

சாப்பிடும்போது சொன்னேன். அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார். "நம்மது எந்தப் பக்கம் போகுது?"

"நம்ம வாசல்ல நின்னு பார்த்தா இடமிருந்து வலம்."

"அப்ப நல்லதா?"

"எதிர்ல பேக்கரிக்காரர் வாசல்ல நின்னா வலமிருந்து இடம்" என்றாள் அக்கா. "நமக்கு லாபம், அவருக்கு நஷ்டம். அதான் பன் குடுக்கறாரு."

அப்பா சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே கை கழுவப் போனார்.


மார்ச் 20, வியாழன்

நூலக லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண், அழும் குரல். ரிப்பேருக்கு வந்தது அக்கா. வேலையில் அவளை நான் பார்த்ததே இல்லை.

முதலில் கதவைத் தொடவில்லை. அதில் வாயை வைத்துப் பேசினாள். "நான் வந்துட்டேன்மா. கயிறு அறுந்து விழும்னு நினைக்கறீங்க, இல்ல? விழாது. நானே இதுக்கு மேல ஏறித்தான் நிக்கப் போறேன். மேல சத்தம் கேட்டா நான்தான்." பிறகு சாவி. கதவு திறந்தது, உள்ளே இருட்டுக் குழி. அவள் அதற்குள் இறங்கினாள், மாடிப்படி இறங்குவதுபோல.

பெண் வெளியே வந்ததும் அக்காவின் கையை விடவே இல்லை. அக்காவின் கிரீஸ் முழுதும் அந்தப் பெண்ணின் சட்டைக் கையில்.

என் அக்கா என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னேன். நூலகர் உள்பட மூன்று பேரிடம்.

"உனக்குப் பயமே கிடையாதா?" என்று கேட்டேன்.

கருவிகளை எண்ணிப் பையில் போட்டபடி சொன்னாள்: "இருக்கே, புரொபசரம்மா. ஏப்ரல் பத்து."

அன்றுதான் கோர்ட்டில் கடைசி விசாரணை.


மார்ச் 27

எனக்குத் தெரியாத ஒன்று. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையிலும் ஒரு பூனை குறுக்கே வந்ததாம். அப்பா நிறுத்தவில்லை. அவசரம். அம்மா திரும்பி வரவில்லை.

"அதுக்கு முன்னாடி அவரு இப்படி இல்ல. நீ சின்னப் பொண்ணு" என்றாள் அக்கா.

இத்தனை நாளும் அப்பாவை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தேன்? படிக்காதவர். பயந்தவர். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தப் பூனை இல்லை.


ஏப்ரல் 10, வியாழன்

எழுதிவிட வேண்டும்.

அப்பா டாக்சியைக் கழுவி வைத்திருந்தார். அக்கா பின் சீட்டில், இஸ்திரி போட்ட உடுப்பில், யாரோ மாதிரி. முக்கோணச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆனாலும் கை இடுப்பில் அதைத் தேடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நான்.

வண்டி நகர்ந்தது. பேக்கரியைத் தொடுவதற்குள் மேனேஜர். அவசரமே இல்லாமல், வாலைத் தூக்கிக்கொண்டு.

அப்பா எஞ்சினை நிறுத்தினார்.

அக்கா சொல்வாள் என்று காத்திருந்தேன். போங்கப்பா, நேரமாச்சு — எப்போதும் சொல்வதுதானே. சொல்லவில்லை. கதவையும் திறக்கவில்லை. பூனை போன இடத்தையே பார்த்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது.

சந்தில் வேறு யாரும் இல்லை. பேக்கரிக்காரர் ஒருவர்தான். அவரை அக்கா ஏறிட்டுப் பார்த்தாள். அவர் குனிந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். நீ முன்னால போம்மா, நீ முன்னால போம்மா — இப்ப வாய்யா, நீ வா! நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. சரி, நானாவது இறங்கினேனா? எனக்குத்தான் எதிலும் நம்பிக்கை இல்லையே. கதவுப் பிடியில் கை இருந்தது. பிடியிலேயே இருந்தது.

அப்பா இறங்கினார்.

கதவை மெதுவாகச் சாத்தினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நடந்தார். மேனேஜர் கடந்த இடத்தில் ஒரு நொடி கால் தயங்கியது. தாண்டினார். சந்து முனை வரை போய், திரும்பி நின்று, வண்டிக்கு வழி காட்டுகிறவர்போல் கையை ஆட்டினார். வா, வா.

"வண்டிய நீ எடு!" என்று கத்தினார். தன் டாக்சியை இதுவரை எவரையும் தொட விட்டதில்லை. "நான் தாண்டிட்டேன். இனி உனக்கு ஒண்ணுமில்ல. வா!"

அக்கா முன் சீட்டுக்கு மாறினாள். முனையில் நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டபோது அவள் குரல் உடைந்திருந்தது. "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகட்டும். ரோட்டைப் பாத்து ஓட்டு."

அக்கா நம்பாமல் தாண்டினவள். இவர் முழுக்க நம்பிக்கொண்டே தாண்டினார். இத்தனை நாள் வீட்டில் ஒரே ஒரு தைரியசாலி என்று நினைத்திருந்தேன்.

விசாரணை முடிந்தது. தீர்ப்பு பிறகு.


ஏப்ரல் 11

டாக்சி பஞ்சர். கூடவே அப்பாவுக்குப் பல்வலி, கன்னம் வீங்கிவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"வந்துடுச்சு பாத்தியா? என் தலையிலதான் வந்துது. அவளுக்கு ஒண்ணும் வராது."

பல் டாக்டரிடம் போகச் சொன்னேன். இப்போதைக்கு மாட்டாராம். தீர்ப்பு வரும் வரை வலி இருக்கட்டுமாம்.


ஏப்ரல் 17

பேக்கரிக்காரர் பன்னைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். "கூலி இல்லம்மா. சும்மா." அக்கா வாங்கிக்கொண்டாள். பாதி மேனேஜருக்கு.


மே 6

அப்பா பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.


ஜூன் 9, திங்கள்

மேனேஜர் இன்றும் நேரத்துக்கு வந்தது. எங்கள் வாசலிலிருந்து புறப்பட்ட பள்ளி வேன் அப்படியே நின்றது. வேன்காரர் காது குடைய ஆரம்பித்தார்.

ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது. இரட்டைச் சடை. ஒரு ரிப்பனில் அக்காவின் கிரீஸ் விரல் பதிந்திருந்தது.

"வண்டிய எடுங்க மாமா. எங்க தாத்தா அப்பவே தாண்டியாச்சு."

சந்து முனையில் அப்பா நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வா, வா.