பதினொன்று பதினெட்டுக்கு வந்த இரண்டாவது அதிர்வு

அன்புள்ள பாப்பு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும், மாடிப்படிக்குக் கீழே தரையோடு சேர்த்து நீ முடுக்கி வைத்துவிட்டுப் போன அந்த நில அதிர்வு அளக்கும் பெட்டியும் இங்கே சௌக்கியம். அங்கே நீயும் உன் கம்ப்யூட்டர்களும் அப்படியே இருக்க வேண்டும். மூன்று சௌக்கியத்தில் ஒன்று மட்டும் கொஞ்சம் பொய், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்துவாய், நான் அழுவேன், உன் அப்பா குறுக்கே வந்து இரண்டு பேர் பேசுவதையும் திருத்துவார், விஷயம் அந்தரத்தில் நிற்கும். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை உன்னால் வாயைத் திறக்க முடியாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒன்பதாம் தேதி காலை பதினொன்று பதினேழுக்கு ஓர் அதிர்வு, நாற்பது விநாடி கழித்து இன்னொன்று என்று உன் மூன்றாவது வரைபடத்தில் போட்டிருக்கிறாயே, அந்த இரண்டாவது அதிர்வு நிலநடுக்கம் இல்லை. அது நான்.

அன்றைக்கு உன் அப்பா கண்ணாடி மாற்றப் போயிருந்தார். நான் சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் டம்ளரெல்லாம் கிணுகிணுவென்று ஆடத் தொடங்கின. வாஷிங் மெஷின் ஓடவில்லை, பக்கத்து வீட்டு டேங்கர் லாரியும் கிளம்பவில்லை, அப்படியென்றால் இது அசல்தான் என்று புரிந்துவிட்டது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றேன். அப்புறம்தான் பெட்டிக்குப் பக்கத்தில் நீ தொங்கவிட்ட நோட்டு ஞாபகம் வந்தது. "நேரம்தான்மா முக்கியம், வந்த உடனே எழுதிடு" என்று படித்துப் படித்துச் சொன்னவள் நீ. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன், கீழே கிடந்த கால்மிதியைப் பார்க்கவில்லை. அது ஒரு பக்கம் போக நான் ஒரு பக்கம் போக, உன் பெட்டிக்கு இரண்டடி தள்ளிப் பொத்தென்று உட்கார்ந்தேன். எழுபத்தெட்டு கிலோ, சும்மாவா? உன் பெட்டி என்னை மரியாதையாகத்தான் பதிவு செய்திருக்கிறது.

பத்து நிமிஷத்தில் உன் போன் வந்தது. தரையில் உட்கார்ந்தபடியேதான் பேசினேன். "அம்மா, ரெண்டு வந்திருக்கும்மா! ரெண்டாவது நம்ம வீட்டுக்கு நேர் கீழே! ஸ்கூல்ல வச்ச பெட்டியிலயும் தபாலாபீஸ் பெட்டியிலயும் அது இல்லவே இல்ல, நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு" என்று மூச்சு விடாமல் சொன்னாய். வீட்டில் ஏதாவது விழுந்ததா என்றும் கேட்டாய், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நான்தான் ஒன்றும் விழவில்லை என்று சாதித்துவிட்டு, நோட்டிலும் "வீட்டில் அசைவு எதுவும் இல்லை" என்று எழுதி வைத்தேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், விழுவதற்கு முன்னால் நான் தடதடவென்று ஓடியதும் அந்தக் கோட்டில் கிறுக்கலாக இருந்திருக்குமே, இவ்வளவு படித்தவள் கண்ணில் அது படவில்லையா? பட்டிருக்கும், உனக்குப் பார்க்க மனசு வரவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா.

ஏன் மறைத்தேன் என்றால், விழுந்தேன் என்று தெரிந்தால் மறுநாளே வந்து எங்களை மூட்டை கட்டி உன் எட்டாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவாய் என்ற பயம் ஒன்று. அதைவிட உன் குரல். லாரி போனால்கூட இந்தப் பொண்ணுக்கு நிலநடுக்கம்தான் என்று அந்த எரிவாயுக் கம்பெனிக்காரர்கள் கூட்டத்தில் வைத்து உன்னைக் கேலி செய்த நாளிலிருந்து இரண்டு வருஷமாக நீ அப்படித் துள்ளிப் பேசி நான் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை என் வாயால் கெடுக்க முடியவில்லையடி. அது தப்பு என்று அப்போதே தெரியும், ஆனாலும் செய்தேன்.

உன் அப்பாவிடமும் மறைத்துப் பார்த்தேன். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்திய மனுஷனிடம் அது நடக்குமா. நான் நொண்டுவதைக்கூட அவர் கவனிக்கவில்லை, நோட்டில் அந்த ஒரு வரி சாய்ந்திருப்பதைக் கவனித்துவிட்டார். "இத உக்காந்து எழுதினியா, படுத்து எழுதினியா?" என்றார். உடனே ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே. எலும்பில் ஒன்றுமில்லை, இடுப்பு மட்டும் கத்தரிக்காய் நிறம். எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, மகளின் ஆராய்ச்சியில் என்றேன். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒரு வரி பொய்னு அவங்க கண்டுபிடிச்சா போதும், மத்த பக்கத்தையெல்லாம் யாரும் புரட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. நம்ம பொண்ணு ரெண்டு வருஷ உழைப்பு உன் இடுப்புல நிக்குது" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மாதம் இருபத்துநாலாம் தேதி அந்தக் கம்பெனிக் கிணற்றை விசாரிக்கும் குழு முன்னால் நீ போய் நின்று அந்த மூன்றாவது படத்தைக் காட்டினால், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மற்ற இரண்டு பெட்டியிலும் இது ஏன் இல்லை என்று ஒரே கேள்வியில் உன்னைக் கவிழ்த்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு டேங்கர் டிரைவரிடம்கூட இதைச் சொன்னேன், மனசு ஆறட்டுமே என்று. பாறையைப் பிளந்து எரிவாயு எடுத்த பிறகு மேலே வரும் அழுக்குத் தண்ணீரை, கம்பெனி அதைப் பூமிக்குள் அமுக்குகிற அந்த ஆழக் கிணற்றுக்கு ஏற்றிப் போகிறவரே அவர்தான். ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போன டம்ளர்களுக்கு நடுவே தண்ணீர் விட்டால் நழுவி வருகிற மாதிரி, அங்கே அமுக்குகிற தண்ணீர் கீழே பழைய வெடிப்புகளில் புகுந்து பாறையை நழுவ விடுகிறது என்று நீ எனக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னேன். கிணற்றை மூடினால் நான் எந்த லாரியை ஓட்டுவது என்று கேட்டார், நியாயம்தானே. ஆனால் அவர் வீட்டுச் சமையலறைச் சுவர் வெடிப்பில் இப்போது விரல் நுழைகிறது. அதனால் தினமும் தன் லாரி போகும் நேரத்தை அவரே வந்து சொல்கிறார், "உள்ளத உள்ளபடி எழுதுங்கக்கா, எனக்குச் சாதகமாவும் வேணாம், உங்க பொண்ணுக்குச் சாதகமாவும் வேணாம்" என்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகையால் அந்த வரியை அழிக்காமல், உன் அப்பா சொன்னபடி பழையது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, "11.18, நான் கீழே விழுந்தேன்" என்று கீழே எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாட்சிக்கு அவர் கையெழுத்தும் உண்டு. அந்தப் பக்கத்தின் நகல் இதோடு வருகிறது, எக்ஸ்ரே நகலும் வருகிறது. தொண்ணூற்று மூன்று அதிர்வு என்று நீ சொன்னதில் ஒன்று நான், மிச்சம் தொண்ணூற்றிரண்டும் பூமியுடையவை, மூன்று பெட்டியிலும் இருப்பவை. நீயே முதலில் எழுந்து சொல்லிவிடு. அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வது வேறு, நீ சொல்வது வேறு.

இப்போது கிளம்பி வராதே, வேலையை முடித்துவிட்டு வா. கால்மிதியைத் தூக்கிப் போட்டாயிற்று. கோபத்தில் சாப்பிடாமல் கிடக்காதே, என்மேல் கோபப்பட இன்னும் நிறைய நாள் இருக்கிறது. கூட்டத்துக்கு அந்தக் கசங்கிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகாதே. உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு, நல்லா இருப்பாய்.

கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. அம்மா விழுந்ததை நிலநடுக்கம் என்று நினைத்துவிட்டேன் என்று நீ சொன்னதும் அந்த அறையே சிரிக்கும். சிரிக்கட்டும், நீயும் சேர்ந்து சிரி. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அவர்கள் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேள்: என் அம்மா விழுந்தது கால்மிதியால், சரி, அவளை ஓட வைத்தது யார்?

இப்படிக்கு,
உட்கார முடியாததால் குப்புறப் படுத்து எழுதும்
உன் அம்மா